இரண்டு ரூபாய்ப் பங்கு: ஆனந்த் பால் கூட்டுறவும் உழவர் பெற்ற மதிப்பும் (1946–2025)

1976-இல் வெளிவந்த ‘மந்தன்’ என்ற இந்திப் படம் தொடங்கும்போது, குஜராத்தின் ஐந்து லட்சம் உழவர்கள் இந்தப் படத்தை வழங்குகிறார்கள் என்ற அறிவிப்பு திரையில் வருகிறது. இயக்கியவர் ஷியாம் பெனகல். பணம் போட்டவர்கள் பால் ஊற்றியவர்கள். ஆளுக்கு இரண்டு ரூபாய், ஆக மொத்தம் பத்து லட்சம். அந்தப் பணம் வந்த விதத்தைப் பெனகல் பின்னாளில் பல பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். ஒரு நாள் பாலுக்கு எட்டு ரூபாய் வாங்க வேண்டியவர் ஆறு ரூபாய் வாங்கிக்கொண்டு, மீதி இரண்டைப் படத்துக்கு விட்டுக்கொடுத்தார். பால் உற்பத்தியாளரே படத் தயாரிப்பாளரும் ஆனார்.

உழவரையும் நாட்டுப்புற வாழ்வையும் நகரத்து மக்கள் மதிக்கும்படி செய்த வணிக நிறுவனங்களைப் பாராட்டி விருது கொடுப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. உழவைப் போற்றுவது தமிழருக்குப் புதிதல்ல. திருக்குறளில் ‘உழவு’ தனி அதிகாரமாகவே நிற்கிறது. ஆனால் உழவர் விளைத்ததை வாங்கி விற்கிற வணிகம் உழவரின் மதிப்பை உயர்த்த முடியுமா, உயர்த்தினால் அதை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வி இக்காலத்துக்கு உரியது. அந்தக் கேள்விக்கு விடை தேட, ‘அமுல்’ என்ற பெயரால் நாம் அறிந்த ஆனந்த் பால் கூட்டுறவின் ஏறத்தாழ எண்பது ஆண்டு வரலாற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அந்த நிறுவனமும் அதை நடத்தியவர்களும் பெற்ற சிறப்புகள் எந்த வரிசையில், யார் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. முதலில் தலைவர்கள் சிறப்பிக்கப்பட்டார்கள். அடுத்து விளம்பரமும் படமும் பேர் வாங்கின. கிராமச் சங்கம் கடைசியில்தான் மேடை ஏறியது. மாட்டுக்குத் தீனி வைத்துப் பால் கறக்கிற பெண் இன்னும் மேடைக்கு வெளியேதான் பெரும்பாலும் நிற்கிறாள்.

பால்சன் காலம்

ஆனந்த், குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இருந்த சிற்றூர். 1918-இல் காந்தியும் வல்லபபாய் படேலும் வரி மறுப்புப் போராட்டம் நடத்திய மாவட்டம் அது. அங்கே பெஸ்தோன்ஜி எடுல்ஜி தலால் என்ற பார்சி வணிகர் வைத்திருந்த பால்பண்ணைக்குப் பால்சன் என்று பெயர். பால்சன் வெண்ணெய் அந்நாளில் பம்பாய்ப் பணக்கார வீடுகளின் காலை உணவுக்கு உரியது. 1945-இல் பம்பாய் அரசு நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆனந்திலிருந்து 400 கி.மீ.க்கும் மேல் ரயிலில் பால் கொண்டுவரும் உரிமையைப் பால்சனுக்குக் கொடுத்தது. நகரத்துக்குப் பால் கிடைத்தது, பால்சனுக்கு லாபம் கிடைத்தது, இடைத்தரகர்களுக்குக் கமிஷன் கிடைத்தது. எருமை வைத்திருந்தவருக்குக் கிடைத்த விலை மட்டும் உயரவில்லை.

இந்தக் கட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது விலையோடு சேர்ந்த இன்னொன்று. பம்பாயில் பால் குடித்தவருக்கு அது பால்சன் அனுப்பிய பாலாகத்தான் தெரியும். கேடா மாவட்டத்து உழவர் அந்தப் பாலின் கதையிலேயே இல்லை.

உழவர்கள் வல்லபபாய் படேலிடம் போனார்கள். உங்கள் பாலை நீங்களே பதப்படுத்தி நீங்களே விற்பதற்குக் கூட்டுறவு அமையுங்கள் என்பது அவருடைய அறிவுரை. அவர் அனுப்பிய மொரார்ஜி தேசாய் 1946 ஜனவரியில் உழவர்களைக் கூட்டிப் பேசினார். அரசு கூட்டுறவிடமே பாலை வாங்க வேண்டும், மறுத்தால் ஒரு சொட்டுப் பாலும் போகக் கூடாது என்று அங்கே முடிவானது. அரசு மறுத்தது. பதினைந்து நாள் பால் நிறுத்தப் போராட்டம் நடந்தது, பால் தெருவில் கொட்டப்பட்டது. பம்பாய்க்குப் போகும் பால் நின்றதும் பால் ஆணையர் நேரில் வந்து பார்த்துக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார். 1946 டிசம்பர் 14-ஆம் நாள் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. 1948-இல் பால் அனுப்பத் தொடங்கியபோது இரண்டு கிராமச் சங்கங்கள்தாம் இருந்தன. நாளொன்றுக்கு 247 லிட்டர் சேர்ந்தது.

அந்த ஒன்றியத்தின் முதல் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற காந்தியவாதி. ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் பேசிச் சங்கம் அமைத்தவர் அவரே. அமுல் வரலாற்றில், அடுத்து நாம் பார்க்கப்போகும் வர்கீஸ் குரியனின் பெயர் ஒலிக்கிற அளவுக்கு இவர் பெயர் வெளியே ஒலிக்காதது ஒரு குறை. குரியனே இதைப் பலமுறை சொல்லி, திரிபுவன்தாஸைத் தம் வழிகாட்டியாகவே நினைத்தார்.

கிண்டியிலிருந்து ஆனந்துக்கு

வர்கீஸ் குரியன் 1921 நவம்பர் 26-இல் கோழிக்கோட்டில் பிறந்தார். அது அன்று சென்னை மாகாணத்து ஊர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியலும் படித்தவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் சென்று படித்துவிட்டு வந்தார். அதற்கு ஈடாக அரசு அவரை 1949 மே 13-இல் ஆனந்தில் இருந்த அரசுப் பால்பண்ணைக்கு அனுப்பியது. விருப்பமில்லாமல் வந்தவர் அரசுப் பணியிலிருந்து விடுபட்டு மூட்டை கட்டும் நேரத்தில், பழுதான இயந்திரங்களைச் சரிசெய்துகொடுத்துவிட்டுப் போங்கள் என்று திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். குரியன் தங்கினார். 2012-இல் இறக்கும்வரை ஆனந்தே அவருடைய ஊர்.

குஜராத்தில் எருமைதான் பால் மாடு. குளிர்காலத்தில் எருமை கோடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கறக்கும். அந்த மிகுதியைப் பம்பாய் வாங்காது. வாங்காத பாலை உழவர் என்ன செய்வார்? பால் பொடியாக்கினால்தான் வழி. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று மேலைநாட்டு வல்லுநர்கள் சொன்னார்கள். குரியனின் நண்பர் எச்.எம். தலாயா அதைச் செய்து காட்டினார். யுனிசெஃப் தந்த இயந்திரங்களின் துணையோடு கட்டிய ஆலையை 1955 அக்டோபர் 31-இல், வல்லபபாய் படேலின் பிறந்த நாளில், நேரு திறந்து வைத்தார்.

உழவரை மதிப்பது என்ற பேச்சில் இந்தத் தொழில்நுட்பச் செய்திக்கு என்ன இடம் என்று ஒருவர் கேட்கலாம். குளிர்காலத்தில் பால் திரும்பி வந்தால் உழவர் குடும்பத்துக்கு அது பண இழப்பு, சங்கத்தின் மேல் வைத்த நம்பிக்கைக்கும் இழப்பு. ஆண்டு முழுவதும், எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்ற வாக்குறுதியைக் காப்பாற்றியது அந்த ஆலை. உழவருக்கு அந்த நிறுவனம் செய்த முதல் மரியாதை அதுதான் என்பது என் கருத்து.

ஒன்றியத்தின் பொருளுக்கு ‘அமுல்’ என்று பெயர் வைத்ததும் இக்காலத்தில்தான். ஆனந்த் பால் ஒன்றியத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது, விலைமதிக்க முடியாதது என்று பொருள்படும் வடசொல்லும் அதில் ஒலிக்கிறது. பால்சன் என்பது முதலாளியின் பெயரிலிருந்து வந்தது. அமுலில் எந்த முதலாளியின் பெயரும் இல்லை.

மணிலா விருதும் ஒரு கிராமத்து இரவும்

வெளியிலிருந்து வந்த முதல் பெரிய சிறப்பு 1963-ஆம் ஆண்டின் ராமன் மகசேசே விருது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் வழங்கப்படும் இவ்விருது சமுதாயத் தலைமைக்காக மூவருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது: திரிபுவன்தாஸ் படேல், குரியன், தாரா குரோடி. மூன்றாமவர் பம்பாயின் பால் ஆணையராக இருந்து ஆரே பால் குடியிருப்பை உருவாக்கியவர். நகரத்துத் தேவையின் பக்கம் நின்ற குரோடிக்கும் உழவர் பக்கம் நின்ற குரியனுக்கும் கருத்து மோதல்கள் இருந்தன. விருதுக் குழு இருவரையும் ஒரே வரிசையில் வைத்தது. நகரமும் கிராமமும் சேர்ந்ததால்தான் இது நடந்தது என்பது அக்குழுவின் பார்வை. திரிபுவன்தாஸுக்கு 1964-இல் பத்ம பூஷண், குரியனுக்கு 1965-இல் பத்மஸ்ரீ, 1966-இல் பத்ம பூஷண் என்று இந்திய அரசின் விருதுகளும் தொடர்ந்து வந்தன.

இவை அனைத்தும் தனி மனிதர்களுக்கு உரியவை. நிறுவனத்துக்கும் கிராமத்துக்கும் அக்காலத்தில் கிடைத்த பெருஞ்சிறப்பு வேறு வகையில் வந்தது. 1964 அக்டோபர் 31-இல் கஞ்சாரியில் அமைந்த கால்நடைத் தீவன ஆலையைத் திறந்து வைக்கப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வந்தார். முந்தின நாளே வந்து ஒரு கிராமத்தில் இரவு தங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அஜர்புரா என்ற ஊரில் ஓர் உழவர் வீட்டில் தங்கினார். அன்று மாலையும் இரவும் ஊரைச் சுற்றி, வீடு வீடாகப் போய் மக்களோடு பேசினார். மண்ணோ மழையோ மாடோ இங்கே தனிச்சிறப்பாக இல்லை, பிறகு எப்படி இந்தப் பால்பண்ணை மட்டும் வெற்றி பெற்றது என்பது அவருடைய ஐயம். பண்ணை உழவருக்குச் சொந்தம், அதை நடத்த அவர்களே ஆள் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவர் அங்கே கண்ட விடை. குரியன் தம் வாழ்க்கை நினைவுகளில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதன் விளைவாக 1965-இல் தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. தலைமையகம் தில்லியில் அமையவில்லை, ஆனந்திலேயே அமைந்தது. தேசிய அளவிலான ஒரு வாரியத்தின் இருப்பிடமாகச் சிற்றூர் ஒன்று தேர்வானதை, எந்தப் பதக்கத்துக்கும் குறையாத சிறப்பாகவே நான் எண்ணுகிறேன்.

விளம்பரப் பலகையில் இல்லாதவர்கள்

1966-இல் பம்பாய்த் தெருக்களில் ஒரு சிறுமி தோன்றினாள். நீலத் தலைமுடி, புள்ளி போட்ட கவுன், கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. சில்வெஸ்டர் டகுன்யாவின் விளம்பர நிறுவனத்தில் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் உருவாக்கியவள். நாட்டு நடப்பைக் கிண்டல் செய்யும் அந்த விளம்பர வரிசை இன்றும் தொடர்கிறது. உலகில் மிக நீண்ட காலம் ஓடிய விளம்பரங்களுள் ஒன்று என்ற பேரும் அதற்கு உண்டு.

ஆனால் அந்தப் பலகையில் எருமை இல்லை. பால் கேன் இல்லை. கேடா மாவட்டத்துப் பெண் இல்லை. நகரத்துச் சிறுமி நகரத்து மக்களோடு நகரத்துச் செய்தியைப் பேசுகிறாள். வெண்ணெய் விற்றது, அதன் பயன் உழவர் கைக்குப் போனது, அதில் ஐயமில்லை. வெண்ணெயைச் சுவைத்தவர் அதன் பின்னால் இருந்த குடும்பத்தை நினைத்தாரா என்பது வேறு கேள்வி. உழவருக்கு வருமானம் தேடித்தந்த விளம்பரமும் உழவர் மேல் மதிப்பை உண்டாக்கிய விளம்பரமும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை விருதுக் குழுக்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி விருதுக் குழுக்களின் வழக்கத்துக்கு நேர் எதிரானது. திரிபுவன்தாஸ் தாமாகவே தலைவர் பதவியிலிருந்து விலகினார். சங்க உறுப்பினர்கள் தலைக்கு ஒரு ரூபாய் போட்டு ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய் திரட்டி அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அவர் அந்தப் பணத்தைக் கொண்டு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, மாவட்டத்துக் கிராமங்களில் தாய் சேய் நலப் பணிக்குச் செலவிட்டார். நாம் இதுவரை பேசிய சிறப்புகளெல்லாம் மேலிருந்து கீழே வந்தவை. இது கீழிருந்து எழுந்தது. உழவர்கள் தங்கள் நிறுவனத்தின் தலைவருக்கு விருது கொடுத்தார்கள், அந்த விருது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே திரும்பியது.

‘மந்தன்’: கடைதல்

1970-இல் ‘வெள்ளப் பெருக்கு நடவடிக்கை’ என்ற பொருளில் பெயரிடப்பட்ட பால்வளப் பெருந்திட்டம் தொடங்கியது. வெண்மைப் புரட்சி என்று நாம் சொல்வது இதைத்தான். ஐரோப்பிய நாடுகள் இலவசமாகக் கொடுத்த பால் பொடியையும் நெய்யையும் இந்தியாவில் விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு ஆனந்த் முறைக் கூட்டுறவுகளை நாடெங்கும் வளர்ப்பது ஏற்பாடு. முதல் கட்டத்தில் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்கள் கிராமப் பால் பகுதிகளோடு இணைக்கப்பட்டன.

இத்திட்டம் பற்றி ஆவணப்படம் எடுத்த பெனகல், ஆவணப்படத்தை ஏற்கெனவே நம்பியவர்கள் மட்டுமே பார்க்கிறார்கள், கதைப்படம்தான் மக்களிடம் போகும் என்று உணர்ந்தார். பணம்? குரியன் சங்கங்களிடம் கேட்டார். ஐந்து லட்சம் பேர் இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். கதையில் குரியனுக்கும் பங்கு உண்டு. திரைக்கதை விஜய் தெண்டுல்கர், ஒளிப்பதிவு கோவிந்த் நிஹலானி, இசை வன்ராஜ் பாட்டியா. ராஜ்கோட்டுக்கு அருகில் ஓர் ஊரில் படப்பிடிப்பு நடந்தது.

கதை இது. கால்நடை மருத்துவர் ராவ் (கிரீஷ் கர்னாட்) கூட்டுறவுச் சங்கம் தொடங்க ஒரு கிராமத்துக்கு வருகிறார். தனியார் பால்பண்ணை முதலாளி மிஸ்ரா (அம்ரீஷ் புரி) குறைந்த விலைக்குப் பால் வாங்கி ஊரை வைத்திருக்கிறார். ஊர்த் தலைவருக்குச் சங்கம் தம் கைக்குள் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைச் சேர்ந்த போலாவுக்கு (நஸீருத்தீன் ஷா) வெளியூர்க்காரர் எவர் மேலும் நம்பிக்கை இல்லை. பிந்து (ஸ்மிதா பாட்டீல்) தனியாகக் குழந்தையையும் எருமையையும் பார்த்துக்கொள்கிறாள். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து பார்க்க ராவின் ஆட்கள் மாதிரி கேட்கும்போது, இவர்கள் யார், எதற்குக் கேட்கிறார்கள் என்று அவள் சந்தேகப்படுகிறாள். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதுவரை அவள் வீட்டுக்கு வந்து பால் கேட்ட ஒவ்வொருவரும் அவளை ஏமாற்றியவரே.

இப்படத்தின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. கிராமத்தை அழகான சோலையாகக் காட்டவில்லை. சங்கத் தேர்தலில் ஒடுக்கப்பட்டவர் வென்றதும் ஊர்த் தலைவர் பொறுக்காமல் மிஸ்ராவோடு சேர்கிறார். குடிசைகள் எரிகின்றன. ராவ் மேல் பொய்ப் பழி விழுந்து அவர் ஊரைவிட்டுப் போகிறார். சங்கம் முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில், போலா மீதமிருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு அதைத் தொடர்கிறான். வெளியிலிருந்து வந்தவர் போன பிறகு உழவர் கையில் நிற்கிற நிறுவனம் என்பதே படத்தின் முடிவு. உழவரைப் பரிதாபத்துக்கு உரியவராக வரைந்த கதைகளும் உண்டு, தெய்வமாக வரைந்தவையும் உண்டு. இதில் அவர் கணக்குப் பார்க்கிற, வாதாடுகிற, தவறு செய்கிற, பிறகு பொறுப்பேற்கிற மனிதராக வருகிறார்.

படம் வெளியானதும் உழவர்கள் லாரிகளில் ஏறி வந்து ‘தங்கள்’ படத்தைப் பார்த்தார்கள். 24-ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இந்திப் படம், சிறந்த திரைக்கதை என்ற இரண்டையும் அது பெற்றது. படத்தின் பாடலுக்காகப் பிரீத்தி சாகர் பிலிம்ஃபேர் விருது பெற்றார். அந்த மெட்டைப் பின்னாளில் அமுலே தொலைக்காட்சி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. அந்த விளம்பரத்தில் கிராமத்துப் பெண்கள் வருகிறார்கள். 1966-இன் பலகையில் இல்லாதவர்கள் திரைப்படத்தின் வழியாகவே விளம்பரத்துக்குள் நுழைந்தார்கள்.

இன்னொரு பயனும் இருந்தது. படத்தின் 16 மி.மீ. பிரதிகளை எடுத்துக்கொண்டு, ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால்நுட்பர், ஒரு தீவன வல்லுநர் என்று குழுக்களாகக் குரியன் பிற மாநிலக் கிராமங்களுக்கு அனுப்பினார். படம் பார்த்த ஊரில் சங்கம் அமைக்கும் பேச்சு தொடங்கும். நகரத்தாருக்கு உழவரைக் காட்டிய படம், உழவருக்கு உழவரையும் காட்டியது.

2024 மே மாதம் கான் திரைப்பட விழாவின் பழம்பெரும் படங்கள் பிரிவில் ‘மந்தன்’ மீட்டெடுக்கப்பட்ட வடிவில் திரையிடப்பட்டது. மீட்புப் பணியை ஃபிலிம் ஹெரிடேஜ் அறக்கட்டளை மேற்கொண்டது, அமுல் பொருள்களை விற்கும் குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனை இணையம் துணை நின்றது. அப்பணியின் ஒரு பகுதி சென்னைப் பிரசாத் கூடத்தில் நடந்தது என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி. பெனகல் அந்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.

மாற்றுக் குரல்கள்

குரியனுக்கு 1989-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 1987-இல் அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். 1998-இல் இந்தியா உலகின் முதற்பெரும் பால் உற்பத்தி நாடானது. குரியனுக்கு 1999-இல் பத்ம விபூஷண். இந்தப் பட்டியலை மட்டும் படிக்கிறவருக்கு எல்லாம் ஒரே ஏறுமுகமாகத் தோன்றும்.

அப்படி இல்லை. 1983-இல் எழுத்தாளர் கிளாட் ஆல்வாரஸ் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ இதழில் வெண்மைப் புரட்சித் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பால் கிராமத்துக் குழந்தையின் வாயிலிருந்து நகரத்துக்குப் போகிறது, அந்நிய உதவியை நம்பி நிற்கிறது, கலப்பின மாடுகள் ஏழைக்கு எட்டாதவை என்பன அக்காலத்து விமரிசனங்கள். அரசு எல்.கே. ஜா தலைமையில் குழு அமைத்து மதிப்பீடு செய்தது. விமரிசனங்கள் அனைத்தும் நிலைக்கவில்லை என்றாலும் இரண்டு குறைகள் நிலைத்தன. சங்கம் செழித்த ஊரிலும், நிலமும் மாடும் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. பெண்ணின் உழைப்புக்கு ஆணின் பெயரில் உறுப்பினர் அட்டை என்பது மற்றொன்று.

நம் ஊர்ப் பால் சொசைட்டி

ஆனந்த் முறை தமிழ்நாட்டுக்கு வந்து, 1981 பிப்ரவரி 1 முதல் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் செயல்படத் தொடங்கியது. ஆவின் என்பது அதன் விற்பனைப் பெயர். இந்த வரலாற்றின் மையம் எது என்பதை நூலகத்தில் படித்ததைவிட, மார்கழி மாதம் ஒரு விடியற்காலையில் கொங்குப் பகுதிக் கிராமம் ஒன்றின் சொசைட்டித் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

ஐந்தரை மணி. தூக்குவாளிகள் வரிசையாக நிற்கின்றன. வந்த வரிசைதான் கணக்கு. எந்தத் தெரு, எந்தச் சாதி என்ற கேள்வி அந்த வரிசையில் எழவில்லை. ஒவ்வொருவர் பாலிலும் ஒரு சின்னக் குப்பி எடுத்து மெஷினில் வைக்கிறார் எழுத்தர். கொழுப்பின் அளவும் கொழுப்பு அல்லாத திடப்பொருளின் (எஸ்.என்.எஃப்.) அளவும் திரையில் வருகின்றன, கூடவே ஒரு சீட்டு. முன்பெல்லாம் ‘டிகிரி’ பார்த்து எழுத்தர் சொன்னதுதான் கணக்கு, இப்போது நம் கண்ணாலேயே பார்க்கிறோம் என்றார் ஒரு பெரியவர். அவருக்கு அடுத்து வந்த பெண்மணி சீட்டை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். சீட்டில் அவர் கணவர் பெயர். கறந்தது யார் என்று கேட்டேன். “நாந்தேன் கறக்கறேனுங்க. பேரு அவிங்களுது” என்றார். குரலில் வருத்தம் இல்லை. அது எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

பால் பில் எப்போது வரும் என்பதே அந்தத் திண்ணையில் மிகுதியாகப் பேசப்பட்டது. பில் ஒரு வாரம் தள்ளிப்போனால் மளிகைக் கடைப் பாக்கியும் தவிட்டுக் கடைப் பாக்கியும் சேர்ந்து தள்ளிப்போகின்றன. கேடா மாவட்டத்தில் தொடக்க நாளிலிருந்தே காலைப் பாலுக்கு மாலையிலும் மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் பணம் கொடுக்கும் வழக்கம் இருந்ததற்குக் காரணம் இதுதான். ‘மந்தன்’ படத்துக்கு ஐந்து லட்சம் பேர் ஒரே வேளையில் இரண்டு ரூபாய் கொடுக்க முடிந்ததும் அதனால்தான். கையில் பணம் வந்துகொண்டிருந்தவரால் கொடுக்க முடிந்தது. நாளைக்கும் வரும் என்று நம்பியவர் கொடுத்தார்.

சங்கம் மேடை ஏறியது

2014 முதல் குரியன் பிறந்த நவம்பர் 26 தேசியப் பால் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2021-இல் தொடங்கிய தேசிய கோபால் ரத்னா விருதுகள் அந்நாளில் வழங்கப்படுகின்றன. நாட்டு மாடு வளர்க்கும் உழவருக்கு ஒரு பிரிவு, கருவூட்டல் பணியாளருக்கு ஒரு பிரிவு, கூட்டுறவுச் சங்கம் அல்லது பால் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு ஒரு பிரிவு. மூன்றாவது பிரிவு நம் பேசுபொருளுக்கு முக்கியமானது. ஒரு கிராமச் சங்கம், வணிக நிறுவனம் என்ற தகுதியில், தேசிய மேடைக்கு அழைக்கப்படுகிறது. 1963-இல் மூன்று தலைவர்கள் மணிலாவில் பெற்ற சிறப்பு, அறுபது ஆண்டுக் காலத்தில் இத்தனை தூரம் இறங்கி வந்திருக்கிறது. இறங்கியது என்பதை நல்ல பொருளில் சொல்கிறேன்.

2025-ஐ ஐக்கிய நாடுகள் சபை கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், குரியன் 1979-இல் ஆனந்தில் நிறுவிய ஊரக மேலாண்மை நிறுவனம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதற்குத் திரிபுவன்தாஸின் பெயர் வைக்கப்பட்டது. ஊர் ஊராக நடந்தவருக்கு, மறைந்து முப்பது ஆண்டுக்குப் பின், அவர் சொந்த ஊரிலேயே கிடைத்த சிறப்பு அது.

உழவரைப் போற்றிய நிறுவனம் என்று இனி எவருக்கேனும் விருது கொடுக்கப்போகும் குழுக்களிடம், அது அரசுக் குழுவோ, வணிகச் சங்கமோ, பத்திரிகையோ, இந்த வரலாற்றைப் படித்தவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். விளம்பரப் படத்தையும் பொங்கல் விழாப் புகைப்படத்தையும் பார்ப்பதற்கு முன்னால், அந்த நிறுவனம் உழவருக்குக் கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதியில் பணம் கொடுத்தது என்ற பேரேட்டைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தில் உழவருக்குப் பங்கும் ஓட்டும் உண்டா என்று கேளுங்கள். கறக்கிறவர் பெயரும் சீட்டில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று ஒரே ஒரு காலை நேரம் நேரில் போய்ப் பாருங்கள். பிறகு மேடைக்கு அழைக்கும்போது, மேலாண்மை இயக்குநரோடு அந்தப் பெண்மணியையும் அழையுங்கள்.